வீட்டிலேயே சேஸிஸ் கட்டுவது: 1951 செவர்லே 3100 பிக்கப்

#1 ஐந்துஜன்னல்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1951 மாடல் செவர்லே 3100 ஒன்று இருக்கிறது. கேபின் அருமையான நிலையில் இருக்கிறது. பின்மூலைகளில் வளைந்த கண்ணாடி வைத்த ஐந்து ஜன்னல் கேபின். கூரையில் ஓர் ஒடுக்குகூடக் கிடையாது. பிரச்சினையெல்லாம் கீழேதான். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டைச் சுற்றி இரண்டு பக்கச் சேனலும் (சேஸிஸின் நீளவாக்கில் ஓடும், ஒரு பக்கம் திறந்த சட்டம்) தகடு தகடாக உரிகிறது. சுத்தியல் முனையால் தட்டிக்கொண்டே போனேன். செதில் செதிலாக விழுந்துகொண்டிருந்தது, ஓர் இடத்தில் முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. 3100இல் 1954 வரை ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஒரு குழாய்க்குள் மூடியேதான் ஓடும். பின் சக்கரம் தள்ளும் தள்ளு முழுவதும் அந்தக் குழாய் வழியாகத்தான் வண்டிக்கு வருகிறது. கியர்பாக்ஸை மாற்றினால் அந்தக் குழாய் போய்விடும். குழாய் போனால் பின் ஆக்ஸிலும் மாற வேண்டும். எனக்கு நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓட்ட ஐந்து கியர் பெட்டி வேண்டும். முன்னால் ஒற்றை பீம் ஆக்ஸிலுக்குப் பதிலாகத் தனித்தனி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக்.

அதனால் சேஸிஸையே புதிதாகக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். 200 ஆம்பியர் மிக் வெல்டிங் மெஷின், கிரைண்டர், கட்டிங் மெஷின், ஸ்டாண்டு டிரில், காங்கிரீட் தரை போட்ட ஷெட் ஆகியவை இருக்கின்றன. பைப் எந்த அளவு, எத்தனை மி.மீ. கனம், எங்கே தொடங்குவது? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தூக்குநூல்

கட்டிங் மெஷினை இப்போதைக்குத் தொடாதீர்கள். வண்டி இன்னும் முழுசாகத்தானே நிற்கிறது? உங்களுக்கு வேண்டிய அளவெல்லாம் அதில்தான் இருக்கிறது. பிரித்துப்போட்ட பிறகு "கேபின் பின் மவுண்டுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே எத்தனை மி.மீ. இருந்தது" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். கடைசியில் எந்த டயர், எந்த ரிம் போடப்போகிறீர்களோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். சேஸிஸ் கட்டுவதில் மற்ற எல்லா அளவும் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கிறது. நிறைய பேர் பைப் வாங்குவதில் தொடங்குகிறார்கள், சக்கரம் மாட்டும் நாளில்தான் டயர் மட்கார்டுக்குள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.

வண்டியை ஸ்டாண்டுகளில் ஏற்றி, கேபினின் கதவடிச் சட்டத்தில் ரசமட்டம் வைத்து மட்டமாக்குங்கள். பிறகு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். கேபின் மவுண்டு நான்கு, பின்னால் உள்ள சரக்குப் பெட்டியின் போல்ட் துளைகள், ரேடியேட்டர் தாங்கி, பம்பர் முனைகள், ஃபுட்போர்டு பிராக்கெட்டுகள், முன் பின் ஆக்ஸில் மையங்கள், அப்புறம் மட்கார்டு வளைவின் நடு. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் தரையிலிருந்து அதன் உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். வலது இடது புள்ளிகளை இணைத்து, நடுவைக் கண்டுபிடித்து, முன்னிருந்து பின்வரை நூல் அடியுங்கள். அந்த நடுக்கோடு அழியவே கூடாது. நான் உளியால் காங்கிரீட்டிலேயே கீறிவைத்தேன்.

உங்கள் வண்டியின் வீல்பேஸ் (முன் பின் ஆக்ஸில் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 116 அங்குலம், அதாவது 2946 மி.மீ. இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து பாருங்கள். எழுபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

#3 கருங்கண்ணாடி

பைப் கேள்விக்கு வருகிறேன். இந்த எடை வண்டிக்கு 100க்கு 50 மி.மீ. செவ்வகப் பைப், 4 மி.மீ. கனம் தாராளம். மீட்டருக்குச் சுமார் 8.6 கிலோ வரும். 3 மி.மீ. கனத்திலும் கட்டுகிறார்கள், ஆனால் பிராக்கெட் பற்றவைக்கும் இடங்களில் பைப்பின் சுவர் உள்வாங்காமல் இருக்க 4 நல்லது. 5க்குப் போனால் எடைதான் கூடும். உறுதி வேண்டும் என்றால் கனத்தைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுங்கள். 50க்கு 50 பைப்போடு ஒப்பிட்டால், அதே 4 மி.மீ. கனத்தில் 100க்கு 50 பைப் நிமிர்த்தி வைத்தால் வளைவை ஐந்து மடங்குக்கு மேல் தாங்கும். எடை இரண்டு மடங்குகூட ஆகாது.

சேனலுக்கும் பைப்புக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் முறுக்கில்தான். மூடிய பைப்பின் முறுக்குறுதிக்கு ப்ரெட் என்பவர் 1896இல் தந்த சூத்திரம் இன்றும் அப்படியே பயன்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100க்கு 50, 4 மி.மீ. கனத்தில் திறந்த சேனலுக்கு முறுக்கு மாறிலி (முறுக்கை எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் எண்) சுமார் 4,100 மி.மீ.⁴. அதே வெளி அளவில் நான்கு பக்கமும் மூடிய பைப்புக்கு சுமார் 11 லட்சம். 260 மடங்குக்கு மேல். ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து முறுக்கிப் பாருங்கள், பிறகு மூடி ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள், கைக்கே தெரிந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். துத்தநாகம் பூசிய பைப்பை வாங்காதீர்கள். பற்றவைக்கும்போது வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்கவைத்துவிடும். இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கு துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரேயை எடுக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்து, அதன் ஈரமோ ஆவியோ மிச்சமிருந்தால், ஆர்க் வெளிச்சத்தில் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறும். அது உயிரைப் பறிக்கும் விஷம். அசிட்டோனில் துடையுங்கள், முழுசாக உலரவிடுங்கள்.

#4 ரிவிட்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்பக்கம் மட்டும்தானே துரு? முன்பக்கத்திலிருந்து கேபின் வரை சேனல் நன்றாக இருந்தால் அதை ஏன் தூக்கி எறிய வேண்டும்? கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு சேர்க்கலாம். சேனலின் திறந்த பக்கத்தில் தகடு வைத்து மூடினால் கருங்கண்ணாடி சொன்ன 260 மடங்கு உறுதி அங்கேயே கிடைத்துவிடும். கேபின் மவுண்டு, ஃபுட்போர்டு, பம்பர், ஸ்டியரிங் எல்லாம் ஏற்கெனவே சரியான இடத்தில் இருக்கின்றன. புதிதாகக் கட்டினால் அந்தச் சின்னச் சின்ன பிராக்கெட்டுகள்தான் வருடத்தைத் தின்னும். நான் பார்த்தவரை, வீட்டில் தொடங்கிய புதுச் சேஸிஸ்களில் பல அங்கேதான் நின்றுபோயிருக்கின்றன.

பதிவு விஷயமும் இருக்கிறது. வண்டியின் அடையாள எண் எங்கே இருக்கிறது, தாளில் இருப்பதோடு பொருந்துகிறதா, சேஸிஸ் மாற்றினால் உங்கள் பதிவு அலுவலகம் என்ன கேட்கும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு வெட்டுங்கள். எண் அடித்த இரும்பை எந்தக் காரணத்துக்காகவும் அழித்துவிடாதீர்கள்.

#5 ஐந்துஜன்னல்

ரிவிட் அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு இரண்டு நாள் முழுக்க பழைய சேஸிஸைத் தேய்த்துப் பார்த்தேன். கேபினுக்குக் கீழே மேலோட்டமாக நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடு கிராஸ் மெம்பரை (இரண்டு சேனலையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) ரிவிட் அடித்துப் பிடித்த இடத்தில், இரண்டு தகட்டுக்கும் நடுவே துரு வீங்கி, தகட்டைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு ரிவிட்டிலிருந்து அடுத்த ரிவிட் வரை மயிரிழை விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஊடுருவும் சிவப்பு மையை அடித்துத் துடைத்து, வெள்ளைப் பவுடர் தூவியதும் கோடு தெளிவாக எழும்பியது. ஆகவே புதிதாகவே கட்டுகிறேன்.

அடையாள எண் தகடு என் வண்டியில் கதவுத் தூணில் இருக்கிறது, தாளோடு பொருந்துகிறது. அலுவலகத்தில் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை அளவெடுக்கும் வேலை மட்டும்தான். பழைய சேஸிஸை வெட்டாமல் முழுசாக வைத்திருப்பேன்.

#6 ரிவிட்

விரிசல் இருந்தால் பேச்சே இல்லை. புதிதாகவே கட்டுங்கள், என்னால் ஆனதைச் சொல்கிறேன்.

ஒன்று கவனியுங்கள். அந்தக் காலத்துச் சேனல் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும் என்று தெரிந்தேதான் கட்டினார்கள். உங்கள் கேபினின் பின் மவுண்டைப் பாருங்கள், ஸ்பிரிங் பட்டைக்குப் போடுவது மாதிரி ஷாக்கிள் (அசைந்து கொடுக்கும் இணைப்பு) இருக்கும். மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும்போது கேபின் அதோடு சேர்ந்து முறுக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. நீங்கள் கெட்டியான சேஸிஸ் கட்டினால் அந்த ஷாக்கிள் தேவைப்படாது. ரப்பர் புஷ் வைத்துச் சாதாரண மவுண்டு போதும். ஆனால் சேஸிஸ் பாதி கெட்டியாக இருந்து நீங்கள் ஷாக்கிளையும் எடுத்துவிட்டால், அத்தனை முறுக்கும் கதவுத் தூணின் அடியில் போய் உட்காரும்.

#7 ஐந்துஜன்னல்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். அலுவலகத்திலிருந்து அனுமதி எழுத்தில் வந்துவிட்டது. கட்டி முடித்த பிறகு பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், எடை போட்ட சீட்டு வேண்டும், அவ்வளவுதான்.

தரையில் 37 புள்ளிகள். நானும் என் தம்பியும் ஒருவர் எடுத்த அளவை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக அளந்தோம். நான்கு இடத்தில் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தது, அவற்றை மறுபடி எடுத்தோம்.

சேஸிஸை வைத்துக் கட்டும் மேசைக்கு இரண்டு ஐ பீம்களை நீளவாக்கில் போட்டு, மேலே ஐந்து குறுக்குச் சட்டம் வைத்திருக்கிறேன். மட்டம் பார்க்க தண்ணீர் டியூப். ரசமட்டம் ஒரு மீட்டருக்கு நன்றாகக் காட்டும், நாலரை மீட்டருக்கு அதை நகர்த்தி நகர்த்தி வைத்தால் பிழை கூடிக்கொண்டே போகிறது. டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் படிக்கலாம். தகடு வைத்து வைத்துக் கடைசியில் எல்லா மூலையும் 1 மி.மீ.க்குள் வந்துவிட்டது.

#8 புதுஸ்பேனர்

அண்ணா, ஒரு சந்தேகம். ஐ பீம் இல்லாமல் நான்கு ஜாக்கி ஸ்டாண்டை மட்டமாக வைத்து அதன்மேலேயே கட்டலாமா? என்னிடம் இடம் குறைவு.

#9 கருங்கண்ணாடி

கூடாது தம்பி. ஸ்டாண்டு உயரத்தைத் தாங்கும், ஆனால் பைப்பைப் பிடித்து வைக்காது. வெல்டிங் இழுக்கும்போது பைப் ஸ்டாண்டின் மேல் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். கிளாம்ப் போட்டு இறுக்க ஏதாவது கனமான சட்டம் வேண்டும். வேலை முடிந்ததும் அதைப் பிரித்துவிடலாம், இடம் திரும்பக் கிடைத்துவிடும்.

#10 கேம்பர்

முன் சஸ்பென்ஷன் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. இந்தப் பழைய பிக்கப்புகளுக்கு அதிகம் போடுவது மஸ்டாங் 2 வகை. 1974 முதல் 1978 வரை வந்த அந்தக் காரின் முன்பக்க வடிவமைப்பு. மேலும் கீழும் ஏ வடிவக் கை, ரேக் ஸ்டியரிங், குறுகிய கிராஸ் மெம்பர். பழைய காரில் கீழ்க்கைக்கு ஒரே போல்ட், அதைப் பின்னாலிருந்து பிடிக்க ஒரு கம்பி. இப்போது கிட்டாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் அகலமான கீழ்க்கை இருப்பதால் அந்தக் கம்பி தேவையில்லை. தேவைப்படும் வகையை வாங்கிவிட்டு, கம்பி இடிக்கிறது என்று அதை எடுத்துவிட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிரேக் பிடித்த நொடியில் சக்கரம் பின்னால் போகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கிராஸ் மெம்பரைச் சேஸிஸின் உயரத்துக்கு ஏற்ப வைக்காதீர்கள், தரைக்கு ஏற்ப வையுங்கள். டயரில் காற்றடித்து, எடை ஏறிய பிறகு சக்கர மையம் தரையிலிருந்து எத்தனை உயரம்? உதாரணமாக 235/60, 15 அங்குல ரிம் என்றால் டயரின் முழு விட்டம் 663 மி.மீ., பாதி 331. எடை ஏறியதும் அதிலும் குறையும். அந்த உயரத்தில் ஸ்பின்டில் (சக்கரம் மாட்டும் அச்சு) நிற்கும்போது கீழ்க்கை ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். அப்படி இருக்கும் இடம்தான் கிராஸ் மெம்பரின் இடம். முன்பின் இடத்துக்கு மட்கார்டு வளைவின் நடுவுக்கு நேராகச் சக்கரம் வரவேண்டும், கேஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) வைத்த பிறகு. கேஸ்டர் ஏற்றும்போது சக்கரம் சில மி.மீ. நகரும், அதை மறந்தால் மட்கார்டில் அசிங்கமாகத் தெரியும். பவர் ஸ்டியரிங் என்றால் 4, 5 டிகிரி கேஸ்டர் வைக்கலாம், வண்டி நேராக ஓட ஆசைப்படும்.

ரேக் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று உண்டு. முன்னாலிருந்து பார்த்தால், மேல்கையின் உள்மூட்டையும் கீழ்க்கையின் உள்மூட்டையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். டை ராடின் (ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) உள்மூட்டு அந்தக் கோட்டின்மேலேயே வர வேண்டும். ராடின் சாய்வும் இரண்டு கைகளின் சாய்வோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி இடிக்கிறது என்று ரேக்கை இரண்டு விரல் கீழே இறக்கினால், ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தாலும் வண்டி அலையும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் ஏற்றி இறக்கி, ஹப்பில் கட்டிய கம்பி முனை எவ்வளவு திரும்புகிறது என்று அளந்துவிட்டுத்தான் ரேக் பிராக்கெட்டைப் பற்றவைக்க வேண்டும்.

#11 ஐந்துஜன்னல்

ஒரு பிழை நடந்துவிட்டது. மற்றவர்களுக்கு உதவும் என்பதால் முழுசாக எழுதுகிறேன்.

இரண்டு நீளப் பைப்பும் மேசையில் கிளாம்ப் போட்டு நின்றன. கிராஸ் மெம்பர்கள் எல்லாம் டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு பொட்டு வெல்ட்) அடித்தாயிற்று. மூலைக்கு மூலை அளந்தால் 1 மி.மீ. வித்தியாசம்தான். அன்று மாலை, முன் கிராஸ் மெம்பரின் வலது பக்கத்தை மட்டும் முழுசாகப் பற்றவைத்துவிட்டேன். மேலே, பக்கவாட்டில், கீழே என்று ஒரே மூச்சில். ஓட்டம் நன்றாக வந்துகொண்டிருந்ததால் நிறுத்த மனம் வரவில்லை. அந்தப் பக்க முனையில் கிளாம்ப் இல்லை; வெல்டிங் செய்ய இடைஞ்சலாக இருந்ததால் கழற்றியிருந்தேன்.

காலையில் பார்த்தால் வலது பைப்பின் முன்முனை 7 மி.மீ. உள்ளே வந்திருக்கிறது. மூலைக்கு மூலை அளவிலும் வித்தியாசம் கூடியிருக்கிறது. என்ன செய்வது? ஜாக்கி வைத்துத் தள்ளினால் போதுமா?

#12 கருங்கண்ணாடி

தள்ளாதீர்கள். ஜாக்கியால் தள்ளினால் பைப் நிமிரும், ஆனால் இழுவிசை வெல்டுக்குள் அப்படியே இருக்கும். நீங்கள் போட்டது மூன்று பக்க வெல்ட்தானே. மெல்லிய கட்டிங் வீலால் அந்த வெல்டை மட்டும் திறந்துவிடுங்கள். பைப் தானாகவே பாதி தூரம் திரும்பப் போகும். இரண்டு பைப்புக்கும் நடுவே முன்முனையில் ஒரு முட்டு வைத்து, சரியான அளவுக்கு வந்ததும் மறுபடி டேக்.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும், சுருங்கும் பக்கத்துக்குப் பைப்பை இழுக்கும். அதைத் தடுக்க முடியாது. ஒரு பக்க இழுப்பை எதிர்ப்பக்க இழுப்பால் சமன் செய்யத்தான் முடியும். வலது முன்னால் 30, 40 மி.மீ. போடுங்கள், பிறகு இடது பின்னால் அதே அளவு, அப்புறம் இடது முன்னால், வலது பின்னால். கையால் தொட முடிகிற சூட்டுக்கு வந்த பிறகுதான் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மூலைக்கு மூலை அளந்துவிடுங்கள். கிளாம்பைக் கழற்றுவது மறுநாள் காலையில்.

இன்னொன்று. மிக் வெல்டிங்கின் அழகு ஏமாற்றும். தொடக்கத்தில் இரும்பு குளிர்ந்திருப்பதால் முதல் சில மி.மீ. ஒட்டினாற்போல உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்கியிருக்காது. அதே பைப்பில் வெட்டிய துண்டுகளில் பழகுங்கள். பைப் முனையை 30 டிகிரி சரித்துத் தேய்த்து, 2 மி.மீ. இடைவெளி விட்டு, 0.9 கம்பியில் 160 முதல் 180 ஆம்பியரில் போட்டுப் பாருங்கள். பிறகு குறுக்கே வெட்டி, வைஸில் மாட்டிச் சுத்தியலால் அடித்து வளைத்துப் பாருங்கள். வெல்ட் பிளந்தால் அந்த செட்டிங்கில் சேஸிஸைத் தொடாதீர்கள். நான் இன்றும் ஒவ்வொரு வேலைக்கு முன்னும் இரண்டு துண்டு உடைத்துப் பார்க்கிறேன்.

#13 ரிவிட்

வெல்டோடு சேர்த்து இதையும் சொல்லிவிடுகிறேன். நீளப் பைப்பில் இணைப்பு வந்தால் செங்குத்தாக வெட்டி ஒட்டாதீர்கள், சரிவாக வெட்டுங்கள். மேலே வைக்கும் ஒட்டுத் தகட்டை வைர வடிவில் வெட்டினால் வெல்ட் ஒரே கோட்டில் முடியாது, விரிசலுக்குப் பாதை கிடைக்காது. பைப்பின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் துளை போடாதீர்கள், வளைவின் சுமை முழுக்க அங்கேதான். பக்கவாட்டுச் சுவரின் நடு உயரத்தில் போடுங்கள். போல்ட் பைப்பைத் துளைத்துக்கொண்டு போனால் உள்ளே குழாய் வைத்துப் பற்றவையுங்கள், இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பைப் சப்பிக்கொள்ளும்.

#14 ஐந்துஜன்னல்

கருங்கண்ணாடி சொன்னபடியே செய்தேன். வெல்டைத் திறந்த உடனே 4 மி.மீ. தானாகத் திரும்பிவிட்டது. முட்டு வைத்து மீதியைச் சரிசெய்து, சுற்று முறையில் நான்கு நாளில் எல்லாக் கிராஸ் மெம்பரையும் முடித்தேன். இப்போது மூலைக்கு மூலை 2 மி.மீ. வித்தியாசம். மிக்க நன்றி.

அடுத்தது பின்பக்கம். ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடிக்க நாலு கை போடலாமா, ஸ்பிரிங் பட்டையே போதுமா?

#15 கேம்பர்

பெட்டியில் கனமான சரக்கு ஏற்றுவீர்கள் என்றால் பட்டைதான். ஆக்ஸிலைப் பிடிப்பது, சுமையைத் தாங்குவது இரண்டையும் அது ஒன்றே செய்துவிடும். சவாரிக்குத்தான் என்றால் நாலு கையும் காயில் ஸ்பிரிங்கும் சுகமாக இருக்கும்.

நான்கு கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் ஆக்ஸில் பக்கவாட்டில் போகாமல் இருக்க ஒரு பனார்டு கம்பி வேண்டும். அதை எவ்வளவு நீளமாக வைக்க முடியுமோ அவ்வளவு நீளமாக, நிற்கும் உயரத்தில் மட்டமாக வையுங்கள். கணக்கு எளிது. 900 மி.மீ. கம்பி என்றால் ஆக்ஸில் 75 மி.மீ. ஏறும்போது பக்கவாட்டில் 3 மி.மீ. நகரும். அதே கம்பி 450 ஆக இருந்தால் 6 மி.மீ.க்கு மேல். பிராக்கெட் எல்லாமே இரண்டு காதுள்ளதாக இருக்கட்டும். ஒற்றைக் காதில் தொங்கும் போல்ட் வளைந்து வளைந்து ஒருநாள் முறியும்.

ஆக்ஸில் மேலே வர இடம் விட வேண்டும். நிற்கும் உயரத்திலிருந்து குறைந்தது 75 மி.மீ., அதன் முடிவில் ரப்பர் ஸ்டாப். பைப்பில் அரைவட்டமாக வெட்டி எடுப்பதைவிட, ஆக்ஸிலுக்கு முன்னாலேயே பைப்பை மேலே ஏற்றிக் கட்டுவது எனக்குப் பிடித்த வழி. வெட்டிய இடத்தில் நீங்கள் எவ்வளவு தகடு வைத்தாலும் அங்கே உயரம் குறைவுதான்.

ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கோணம்: கியர்பாக்ஸ் பின்னால் 3 டிகிரி கீழே சாய்ந்தால், பினியன் (பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரத் தண்டு) முன்னால் 3 டிகிரி மேலே நோக்க வேண்டும். இரண்டும் இணைக்கோடாக இருக்கும். கிராஸ் மூட்டு கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன்மூட்டு செய்வதைப் பின்மூட்டு அழித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சமன். ஷாஃப்டுக்கும் மூட்டுக்கும் உள்ள கோணம் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. அதே சமயம் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. ஊசி பேரிங்குகள் அசையாமல் ஒரே இடத்தில் அடி வாங்கிப் பள்ளம் விழும். பட்டை போட்டால் முடுக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும், அதற்காக 2 டிகிரி போலக் குறைத்து வையுங்கள்.

#16 தூக்குநூல்

பினியன் கோணத்தைச் சேஸிஸ் தன் உயரத்தில் நிற்கும்போது மட்டும்தான் வைக்க வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு பட்டைத் தகட்டைத் துளைபோட்டு மாட்டிக்கொள்ளுங்கள், சஸ்பென்ஷன் அந்த உயரத்தில் பூட்டினாற்போல நிற்கும். எல்லாப் பிராக்கெட்டும் டேக்கிலேயே இருக்கட்டும், கேபினும் எஞ்சினும் ஒரு தடவை உட்காரும்வரை.

#17 புதுஸ்பேனர்

பிரேக்குக்குப் பழைய மாதிரியே தரைக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் வைக்கலாமா?

#18 ரிவிட்

வைக்கலாம், ஆனால் இரட்டை அறை உள்ளது போடுங்கள். பழையது ஒற்றை அறை. ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரமும் போச்சு. சிலிண்டர் காலிப்பரைவிட (டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) தாழ்வாக இருந்தால் எண்ணெய் திரும்பி வடிந்துவிடும். அதைத் தடுக்க டிஸ்க் பக்கம் 2 பி.எஸ்.ஐ., டிரம் பக்கம் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைக் குழாயில் பிடித்துவைக்கும் தேக்க வால்வு மாட்ட வேண்டும்.

ஐந்துஜன்னல், உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள் சீட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது? சேஸிஸ் புதிதாகக் கட்டும் இந்தச் சமயத்திலேயே அதை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். ஆக்ஸிலுக்குப் பின்னால், இரண்டு பைப்புக்கும் நடுவே இடம் வையுங்கள். பெட்ரோலோடு ஒரே அறையில் உட்கார்ந்து போக வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

#19 ஐந்துஜன்னல்

நான்கு மாதம் ஆகிவிட்டது. டேங்க் இடம் மாறிவிட்டது. பின்னால் நாலு கை, பனார்டு கம்பி 880 மி.மீ. ரேக்கை வைக்க எண்ணெய்த் தொட்டியைத்தான் மாற்றினேன், ரேக்கை இறக்கவில்லை.

முறுக்குச் சோதனை செய்தேன். பின் இரண்டு மூலையையும் மேசையோடு இறுக்கிவிட்டு, முன் கிராஸ் மெம்பரின் நடுவில் மட்டும் ஓர் உருளைக் கம்பி வைத்துத் தாங்கினேன். முன்னால் குறுக்கே 3 மீட்டர் பைப் ஒன்றைக் கட்டி, ஒரு முனையில் 60 கிலோ தொங்கவிட்டேன். ஒன்றரை மீட்டர் கைக்குச் சுமார் 880 நியூட்டன் மீட்டர் முறுக்கு. முனை 12 மி.மீ. இறங்கியது. அதாவது ஒரு டிகிரிக்குச் சுமார் 1900 நியூட்டன் மீட்டர். எனக்குத் திருப்தி வரவில்லை. கேபினுக்குக் கீழே, கியர்பாக்ஸுக்கு வழிவிட்டு, எக்ஸ் வடிவத்தில் நான்கு துண்டு பைப் வைத்துப் பற்றவைத்தேன். மறுபடி அதே 60 கிலோ: 7 மி.மீ. ஒரு டிகிரிக்கு 3300 பக்கம். கூடிய எடை 20 கிலோகூட இல்லை.

நேற்று கேபினை இறக்கினோம். நான்கு பேர் தூக்கினோம். மவுண்டுத் துளைகள் மூன்று நேராக உட்கார்ந்தன, இடது பின்னது மட்டும் 3 மி.மீ. தள்ளி இருந்தது. அந்த பிராக்கெட் டேக்கில்தான் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் நகர்த்தினேன். கதவை மூடினேன். ஒரே விரலால் தள்ளியதற்கே பூட்டு விழுந்தது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே 4 மி.மீ. தகடு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி நுழைகிறது. பிறகு சேஸிஸின் ஒரு முன்மூலையை மட்டும் ஜாக்கியால் தூக்கி, சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்வரை ஏற்றிவிட்டு, அதே தகட்டை மறுபடி நுழைத்துப் பார்த்தேன். அப்படியே நுழைந்தது.

#20 தூக்குநூல்

அந்த வரியைப் படித்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது. பெயின்ட் அடிக்கும் முன் ஒரு விஷயம். பைப் முனைகளை முழுசாக மூடினால் காற்றுப்புகாமல் மூடுங்கள், இல்லையென்றால் அடியில் வடிகால் துளை விட்டு, உள்ளே மெழுகு ஸ்பிரே அடியுங்கள். பாதி மூடினால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வராது. நாகக் குளியலுக்கு (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) அனுப்பும் எண்ணம் இருந்தால் மூடிய பைப்பை அனுப்பவே கூடாது, 450 டிகிரியில் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் பைப்பை வெடிக்க வைக்கும்.

#21 ஐந்துஜன்னல்

நாகக் குளியல் இல்லை ஐயா, எபாக்ஸி ப்ரைமர்தான். முனைகளுக்கு மூடி வெட்டி வைத்துவிட்டேன். நாளை பெட்டியையும் மட்கார்டுகளையும் ஒரு தடவை வைத்துப் பார்ப்போம். அது சரியாக உட்கார்ந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, சேஸிஸைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு, டேக்கில் நிற்கும் 46 பிராக்கெட்டையும் முழுசாகப் பற்றவைக்கத் தொடங்குவேன். அதற்கு முன் இரண்டு துண்டு உடைத்துப் பார்த்துவிட்டு.